ஒற்றைத் தலைவலித் தடுப்பு மாத்திரை: "கேக்கல"ன்னு நிறுத்துறதுக்கு முன்னாடி

மயிலை மருந்தாளுநர்:

மருந்துக்கடைக் கவுண்டர்ல அடிக்கடி பார்க்கிற சங்கதி இது. முதல் சீட்டு, ப்ரோப்ரனலால் 20 மி.கி., 15 நாளைக்கு. அடுத்து வேற டாக்டர், அமிட்ரிப்டிலின் 10 மி.கி., 10 நாளைக்கு. அப்புறம் ஃப்ளூனரிசின் ஒரு அட்டை. மூணு மாசத்துக்குள்ள மூணு மருந்து மாறிடுது, "எதுவுமே கேக்கல"ன்னு முடிவும் பண்ணிடறாங்க. மூணுல ஒண்ணைக்கூட அவங்க முழுசா எடுத்துப் பார்க்கல.

தடுப்பு மாத்திரை இன்னிக்குப் போட்டு இன்னிக்குக் குறையற வலி மாத்திரை இல்ல. வேண்டிய அளவுக்குப் படிப்படியா ஏத்தி, அந்த அளவுல குறைஞ்சது 8 வாரம் இருந்தாத்தான் கேட்டுச்சா கேக்கலையான்னு சொல்ல முடியும். கேட்டுச்சுன்னா தலைவலி அடியோட போயிடும்னும் நினைக்கக் கூடாது. மாசத்துல 12 நாள் வந்தது 6 நாளாச்சுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆய்வுகள்லயும் பாதியாக் குறையறதைத்தான் அளவுகோலா வச்சிருக்காங்க.

யாருக்கு இது வேணும்? மாசத்துல 4 நாளோ அதுக்கு மேலயோ தலைவலி வர்றவங்களுக்கு. நாள் கம்மியா இருந்தாலும் வந்தா ரெண்டு நாள் ஆளைச் சாய்ச்சுப் போடுதுன்னா அவங்களுக்கும். வலி மாத்திரை ஒத்துக்காதவங்க, எடுக்கக் கூடாதவங்களும் இதுல சேர்த்தி. எந்த மாத்திரையா இருந்தாலும் டாக்டர் சீட்டு இல்லாம நீங்களா ஆரம்பிக்காதீங்க. இங்க பேசப்போறது அந்தச் சீட்டைப் புரிஞ்சுக்கிறதுக்கும் டாக்டர்கிட்ட சரியான கேள்வி கேக்கறதுக்கும்தான்.

ஓ.எம்.ஆர். இரவுப்பணி:

அண்ணா, ரெண்டு சந்தேகம். தலைவலிக்குப் போனா ப்ரோப்ரனலால் குடுக்கறாங்க. பிரஷரே இல்லாதவனுக்குப் பிரஷர் மாத்திரை எதுக்கு? இன்னொண்ணு, எங்க ஆபீஸ்ல நிறைய பேர் காஃபீன் கலந்த தலைவலி மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கிட்டே ஷிஃப்ட் பார்க்கறாங்க. தடுப்பு மாத்திரை ஆரம்பிச்சா அதையும் கூடவே தொடரலாமா?

நரம்பியல் பி.ஜி.:

இரண்டாவது கேள்விதான் முக்கியம், அதை முதலில் எடுக்கிறேன். தடுப்பு மருந்து தோற்பதற்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று அதில்தான் இருக்கிறது.

வலி மாத்திரையே தலைவலியை நிரந்தரமாக்கும். இதற்குக் கணக்கு உண்டு. பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் போன்ற தனி மாத்திரை என்றால் மாதத்தில் 15 நாள். சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் போன்ற டிரிப்டான்கள் (ஒற்றைத் தலைவலி வந்தபின் போடும் மாத்திரைகள்), எர்கோடமின் கலந்தவை, டிரமடால் கலந்தவை, காஃபீன் சேர்த்த கூட்டு மாத்திரைகள் என்றால் 10 நாள்தான். மூன்று மாதத்துக்கு மேல் இந்த எல்லையைத் தாண்டினால் மருந்து மிகைத் தலைவலி வரலாம். நாட்களைத்தான் எண்ண வேண்டும், மாத்திரைகளை அல்ல. ஒரே நாளில் மூன்று போட்டாலும் அது ஒரு நாள். தினமும் பாதி மாத்திரை போட்டால் அது 30 நாள். நீங்கள் சொல்லும் "ஒருநாள் விட்டு ஒருநாள்" மாதம் 15 நாள் ஆகிறது. காஃபீன் கலந்த மாத்திரைக்கு அது எல்லையை எப்போதோ தாண்டிய கணக்கு.

இந்த நிலையில் தடுப்பு மருந்து மட்டும் கொடுத்து, வலி மாத்திரையைப் பழையபடி விட்டுவிட்டால் பலன் குறையலாம். இரண்டையும் ஒன்றாகக் கையாள வேண்டும். பாரசிட்டமால், டிரிப்டான் வகைகளை ஒரேயடியாக நிறுத்தலாம். டிரமடால் போன்ற ஓபியாய்டு வகையைப் பல நாள் எடுத்தவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நிறுத்தியபின் 2 முதல் 10 நாள் வரை தலைவலி கூடும், குமட்டும், தூக்கம் கெடும். இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய்ப் பழைய மாத்திரைக்கே திரும்புகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் தாக்குப்பிடிப்பார்கள். விடுப்பு எடுக்க முடிகிற வாரமாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது.

எர்கோடமின் பற்றி ஒரு எச்சரிக்கை. அது ரத்தக்குழாய்களைச் சுருக்கும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குடன் சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி, கை கால் விரல்களுக்கு ரத்தம் போவதே தடைபடலாம். தொண்டை வலிக்கு வேறொரு மருத்துவரிடம் போகும்போது தலைவலி மாத்திரையின் பெயரையும் கட்டாயம் சொல்லுங்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். ப்ரோப்ரனலாலை நெஞ்சுவலிக்கு எடுத்த நோயாளிக்கு ஒற்றைத் தலைவலி குறைந்ததை 1966-இல் கவனித்தார்கள். அங்கிருந்து வந்ததுதான் இந்தப் பயன்பாடு. பிரஷர் குறைவதால் தலைவலி குறைவதில்லை. மூளை நரம்புகளின் மிகைத் தூண்டலை இது தணிக்கிறது. நாளுக்கு 40 மி.கி.யில் தொடங்கி, பலருக்கு 80 முதல் 160 வரை தேவைப்படும். 20 மி.கி.யிலேயே நிறுத்திவிட்டு "கேட்கவில்லை" என்பது நியாயமில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது கூடாது. இதயத்துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவர்கள், இதய மின்கடத்தலில் அடைப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் அடையாளமாக மிஞ்சும்.

ஆஸ்துமாக்காரர்களுக்கு கேண்டிசார்டன் ஒரு நல்ல மாற்று. குறைந்த அளவில் தொடங்கி 16 மி.கி. வரை போகலாம். கர்ப்பத்தில் மட்டும் கூடவே கூடாது.

தலைவலிப் பிரிவு சிஸ்டர்:

டாக்டர் நாள் கணக்கு சொன்னார், ஆனா அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கறதில்ல. "மாசத்துல எத்தனை நாள் வலிக்குது?"ன்னு கேட்டா "அடிக்கடி"ங்கறாங்க. அதை வச்சு மருந்தை ஏத்தவும் முடியாது, இறக்கவும் முடியாது.

செயலி எதுவும் வேணாம். சுவத்துல மாட்டற மாச காலண்டர் போதும். வலி வந்த நாள்ல ஒரு கோடு, ஆளைச் சாய்ச்ச வலின்னா ரெண்டு கோடு. வலி மாத்திரை போட்ட நாள்ல வட்டம். மாதவிடாய் நாள்ல "மா". தடுப்பு மாத்திரை அளவு மாறின தேதியில புது எண்ணை எழுதுங்க: 25, 50, 75ன்னு. டாக்டர்கிட்ட போறப்ப அந்தத் தாளையே கிழிச்சு எடுத்துட்டுப் போங்க. வட்டத்தை மட்டும் எண்ணினாலே மருந்து மிகை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும்.

தூண்டற காரணங்கள்ல நம்ம ஊருக்குன்னே சிலது இருக்கு. தலைக்குக் குளிச்சு ஈரத்தோட இருந்தா வலி வருதுன்னு பெண்கள் சொல்றதை மூடநம்பிக்கைன்னு தள்ளிடறாங்க. கே. ரவிசங்கர்ங்கிற இந்தியத் தலைவலி மருத்துவர் 94 நோயாளிகளை வச்சு 2006-ல இதைப் பத்தி ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டிருக்கார். அப்புறம் சஷ்டி, ஏகாதசி விரதம்னு வயித்தைக் காயப்போடறது, கத்திரி வெயில்ல மதியம் பஸ் ஸ்டாப்ல நிக்கறது. ஃபில்டர் காபி நேரம் தவறினாலும் வலி வரும். தினம் மூணு டம்ளர் குடிக்கறவங்க திடீர்னு விட்டா 12 மணி நேரத்துல இருந்து ஒரு நாளுக்குள்ள காஃபீன் விட்ட தலைவலி ஆரம்பிச்சுடும். அதனால காபியைக் குறைக்கிற வேலையையும் தடுப்பு மாத்திரை ஆரம்பிக்கிற வேலையையும் ஒரே வாரத்துல வச்சுக்காதீங்க. எதால கூடுச்சு, எதால குறைஞ்சுதுன்னே தெரியாமப் போயிடும்.

பெரம்பூர் மீனாட்சி:

சிஸ்டர், காலண்டர் யோசனை நல்லா இருக்கு. ஃப்ளூனரிசின் பத்தியும் சொல்லுங்களேன். அதைப் போட்டா எடை ஏறுதுன்னு எல்லாரும் சொல்றாங்களே? கல்யாண வயசுல இருக்கற பொண்ணுங்களுக்கு எது சரி?

மயிலை மருந்தாளுநர்:

ஃப்ளூனரிசினுக்கு நான் சொல்றேன் மா. நம்ம நாட்டுல அதிகமா எழுதற தடுப்பு மருந்துகள்ல ஒண்ணு, அமெரிக்காவுல இதுக்கு அனுமதியே இல்ல. ராத்திரி 5 இல்ல 10 மி.கி. 65 வயசுக்கு மேல 5 தான். எடை ஏறும், பசி எடுக்கும், தூக்கம் வரும், இதெல்லாம் உண்மை. ஆனா நான் அதிகமா கவலைப்படறது வேற ரெண்டு விஷயத்துக்கு. ஒண்ணு, மனச்சோர்வு. முன்னாடி மனச்சோர்வு வந்தவங்களுக்கு இது வேண்டவே வேண்டாம். இன்னொண்ணு, கை நடுக்கம், உடம்பு விறைப்பு, நடை மெதுவாகறதுன்னு பார்கின்சன் மாதிரியான அறிகுறி. வயசானவங்களுக்கு இது அதிகம். இந்த மருந்து உடம்பை விட்டுப் போகவே வாரக்கணக்காகும், அதனால அறிகுறி தெரிஞ்ச அன்னிக்கே நிறுத்தினாலும் உடனே சரியாகாது.

தயாரிப்பாளர் குறிப்புலயே எழுதியிருக்கு: ரெண்டு மாசத்துல பலன் இல்லன்னா நிறுத்தணும், பலன் இருந்தாலும் ஆறு மாசத்துல நிறுத்திப் பார்க்கணும், திரும்ப வந்தா மட்டும் மறுபடி ஆரம்பிக்கணும். நடைமுறையில என்ன ஆகுது? பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கா வாங்கிட்டே இருக்காங்க. வீட்டுல பெரியவங்க யாராவது இதை நீண்ட நாளா எடுத்து, கை நடுங்க ஆரம்பிச்சிருந்தா, நடுக்கத்துக்குன்னு தனியா ஒரு மருந்து சேர்க்கிறதுக்கு முன்னாடி இந்த மாத்திரை பேரை டாக்டர்கிட்ட காட்டுங்க.

ப்ரோப்ரனலாலும் ஃப்ளூனரிசினும் ஒரே கேப்ஸ்யூல்ல சேர்ந்து வர்றதும் நிறைய விக்குது. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ப்ரோப்ரனலாலை 40-ல இருந்து 80-க்கு ஏத்தணும்னா ஃப்ளூனரிசினும் கூடவே ஏறுது. சோர்வா இருந்தா எந்த மருந்தாலன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஃப்ளூனரிசினை ஆறு மாசத்துல நிறுத்தணும்னு கேப்ஸ்யூலை விட்டா, படிப்படியாக் குறைக்க வேண்டிய ப்ரோப்ரனலாலும் திடீர்னு நின்னுடுது. ரெண்டும் தேவைப்பட்டா ரெண்டு தனி மாத்திரையா எழுதச் சொல்லிக் கேளுங்க.

நரம்பியல் பி.ஜி.:

மீனாட்சி அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், அது மிக முக்கியமானது.

வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து தலைவலியை நன்றாகத் தடுக்கும். ஆனால் கருவில் இருக்கும் குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறைபாடும் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் வரக்கூடும். கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்ணுக்குத் தலைவலிக்காக அதைத் தொடங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இன்னொரு வலிப்பு மருந்தான டோபிரமேட்டுக்கும் கருவில் பாதிப்பு உண்டு, குறிப்பாக உதடு, அண்ணப் பிளவு. கல்யாணம் நிச்சயமாகியிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கரு உண்டாகிறது என்று தெரிய வருவதற்குள் முக்கியமான வாரங்கள் கடந்துவிடும், அதனால் மாற்றம் முன்பே நடக்க வேண்டும். இந்த வயதில் ப்ரோப்ரனலால் அல்லது குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் பெரும்பாலும் முதல் தேர்வாகும். கர்ப்பமானால் இவற்றையும் தொடர வேண்டுமா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

பார்வையில் மின்னல் கோடுகள், வளைவுகள் தெரிந்து அதன்பின் வலி வரும் வகையென்றால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். மாதவிடாய் சீராக வருவதற்கென்று எழுதப்படும் மாத்திரைகளிலும் இது இருக்கலாம். மகளிர் மருத்துவரிடம் இந்த அறிகுறியைச் சொல்லுங்கள்.

தலைவலி மாதவிடாயை ஒட்டி மட்டும், நாள் தவறாமல் வருகிறதென்றால் தினசரி மருந்தே தேவைப்படாமல் போகலாம். வழக்கமாக வலி தொடங்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்து நாப்ராக்சன் 500 மி.கி. இரண்டு வேளை, சாப்பிட்டபின், ஐந்தாறு நாள் என்று ஒரு முறை உண்டு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் கூடாது.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. 2017-இல் வெளியான பெரிய ஆய்வில், 8 முதல் 17 வயதுவரை அமிட்ரிப்டிலினோ டோபிரமேட்டோ மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. தூக்கம், காலை உணவு, தண்ணீர், திரை நேரம் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் பிள்ளைக்கு மாத்திரையை ஏற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை.

தலைவலிப் பிரிவு சிஸ்டர்:

டோபிரமேட் பத்திச் சென்னைக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அது வியர்வையைக் குறைக்கும். மே மாச வெயில்ல உடம்பு குளிர வழி இல்லாம சூடு ஏறிடும். வெயில்ல நின்னு வேலை பார்க்கறவங்க, டெலிவரி வண்டி ஓட்டறவங்க டாக்டர்கிட்ட இதைச் சொல்லணும். "எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டுது, எனக்கு மட்டும் தோல் வறண்டு சுடுது"ன்னு தோணினா காத்திருக்காதீங்க. சிறுநீரகக் கல்லும் இந்த மருந்தால வரும். தண்ணி நல்லாக் குடிக்கணும். ஏற்கெனவே கல் வந்தவங்க வேற மருந்து கேக்கலாம்.

ஏத்தற விதம்: ராத்திரி 25 மி.கி., ஒரு வாரம். அடுத்தடுத்த வாரம் 25, 25ஆ கூட்டி, காலை 50, ராத்திரி 50. பலருக்கும் அங்க நிறுத்தலாம். விரல் நுனி, உதடு சுத்தி எறும்பு ஊறற மாதிரி இருக்கும், அதுக்குப் பயப்பட வேணாம். சோடா, குளிர்பானம் சப்புனு இருக்கும். பேசறப்ப தெரிஞ்ச சொல்லே வாயில வராம நிக்கும். பாடம் எடுக்கறவங்க, கால் சென்டர்ல பேசறவங்களுக்கு இது பெரிய தொந்தரவு. மெதுவா ஏத்தினா குறையும், அப்படியும் குறையலன்னா மருந்தை மாத்தணும். முதல் மாசத்துல திடீர்னு கண் வலி, பார்வை மங்கல் வந்தா மட்டும் அன்னிக்கே கண் மருத்துவமனைக்குப் போகணும். கண் அழுத்தம் திடீர்னு ஏறியிருக்கலாம்.

ஓ.எம்.ஆர். இரவுப்பணி:

நன்றி சிஸ்டர். அமிட்ரிப்டிலினை "ராத்திரி படுக்கும்போது"ன்னு எழுதறாங்க. காலைல 8 மணிக்குப் படுக்கறவங்க என்ன பண்றது?

மயிலை மருந்தாளுநர்:

கடிகாரத்தைப் பார்க்காதீங்க, உங்க தூக்கத்தைப் பாருங்க தம்பி. நீண்ட தூக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். ஆனா மாத்திரை போட்டுட்டு ஓ.எம்.ஆர்.ல வண்டி ஓட்டாதீங்க, வீட்டுக்கு வந்த பிறகுதான் போடணும். எழுந்ததுக்கு அப்புறமும் மந்தமா இருந்தா இன்னும் கொஞ்சம் முன்னாடி போட்டுப் பாருங்க. 10 மி.கி.ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு வாரமோ ரெண்டு வாரமோ 10 கூட்டி, பலருக்கு 25-லேர்ந்து 50-க்குள்ள நிக்கும். வாய் வறட்சி, மலச்சிக்கல் வரும். புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், இதயத்துடிப்புக் கோளாறு இருக்கறவங்க முன்னாடியே சொல்லணும். ஷிஃப்ட் வாரா வாரம் மாறுதுன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, தூக்க நேரம் மாறிட்டே இருந்தா எந்த மருந்துக்கும் பலன் குறையும்.

வைட்டமின் கேக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆய்வுல பலன் தெரிஞ்சது ரைபோஃப்ளேவின் (பி2 வைட்டமின்) தினம் 400 மி.கி. சாதாரண பி-காம்ப்ளெக்ஸ் கேப்ஸ்யூல்ல சுமார் 10 மி.கி.தான் இருக்கும். ஒண்ணுக்கு ஒண்ணு ஈடாகாது. மெக்னீசியம் 400 மி.கி.க்கு மேல போனா பேதியாகும், சிறுநீரகக் கோளாறு இருந்தா தொடவே வேணாம்.

பெரம்பூர் மீனாட்சி:

மாசம் ஒரு ஊசின்னு இப்ப பேசிக்கறாங்களே, அது என்ன?

நரம்பியல் பி.ஜி.:

சி.ஜி.ஆர்.பி. என்ற புரதம்தான் ஒற்றைத் தலைவலியின்போது நரம்பு முனைகளிலிருந்து வெளியாகி வலியைத் தூண்டுகிறது. அதையோ அது போய் ஒட்டும் ஏற்பியையோ தடுக்கும் எதிர்ப்பொருள் ஊசி அது. முதலாவதான எரினுமாப் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதம் ஒருமுறை 70 அல்லது 140 மி.கி., தோலுக்கடியில். இதுவரை சொன்ன தடுப்பு மருந்துகள் எல்லாம் வேறு நோய்க்கு வந்து தலைவலிக்கும் பயன்பட்டவை, இது ஒற்றைத் தலைவலிக்கென்றே செய்தது. மலச்சிக்கல் கடுமையாக வரலாம், ரத்த அழுத்தம் ஏறலாம். மூன்று மாதம் பார்த்த பிறகுதான் முடிவு சொல்ல முடியும். அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2024-இல் இந்த வகையை முதல் வரிசைத் தேர்வாகவே ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் விலைதான் பெரிய தடை, அதனால் பழைய மருந்துகளைச் சரியான அளவில் முழுதாகப் பார்ப்பதே இங்கே முதல் படியாக இருக்கிறது. ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வாங்கி வரும்போது ஐஸ் பெட்டி கட்டாயம், போடுவதற்கு அரைமணி முன்பு வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

மாதம் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி உள்ள நாள்பட்ட வகைக்கு போடாக்ஸ் ஊசி உண்டு: தலை, கழுத்து, தோளில் 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒருமுறை. அதற்குக் குறைவான நாட்கள் வருபவர்களுக்கு அது பயன்படாது.

இதற்கெல்லாம் முன், இது ஒற்றைத் தலைவலிதானா என்பது உறுதியாக வேண்டும். நொடியில் உச்சத்துக்குப் போன வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், வாய் குழறல், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தலைவலி: இவற்றுக்குத் தடுப்பு மாத்திரை பேச்சே வேண்டாம். சென்னை சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஓ.எம்.ஆர். இரவுப்பணி:

கடைசியா ஒண்ணு டாக்டர். ப்ரோப்ரனலால் நல்லா கேக்குது, நாலு மாசமா வலி குறைஞ்சிருக்குன்னு வச்சுக்குவோம். எப்ப நிறுத்தறது? நடுவுல வலி வந்தா ரிசாட்ரிப்டான் போடலாமா?

நரம்பியல் பி.ஜி.:

நான்கு மாதத்தில் நிறுத்த வேண்டாம். நன்றாகக் கேட்டால் 6 முதல் 12 மாதம் தொடர்ந்து, அதன்பின் மருத்துவரிடம் கேட்டுச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் துடிப்பும் பிரஷரும் துள்ளும், இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி வரலாம். ஊருக்குப் போகும்போது அட்டையை மறந்து வைத்துவிட்டுப் போவதும் திடீர் நிறுத்தம்தான், பையில் கூடுதலாக ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசாட்ரிப்டான் போடலாம், ஆனால் 10 மி.கி. அல்ல, 5 மி.கி. ப்ரோப்ரனலால் ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். சுமாட்ரிப்டானுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எர்கோடமின் கலந்த மாத்திரை எடுத்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் எந்த டிரிப்டானும் கூடாது. எதைப் போட்டாலும் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.